லீவு கிடைக்கவில்லை

பீளமேடு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

பம்ப் கம்பெனியில் சின்னச் சிக்கல், பயப்பட வேண்டாம். "ராஜினாமாவ நீங்களே எழுதிக் குடுத்துப்போடுங்க கண்ணு" என்றார் மேனேஜர். இந்த ஊரில் விரட்டுவதும் மரியாதையாகத்தான். நான் எழுதவில்லை. அன்றிலிருந்து உள்ளே விடுவதில்லை. போகாமல் இருந்தால், தானாகவே நின்றுவிட்டான் என்பார்களாம், யூனியன்காரர் எச்சரித்தார். லேபர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு, தினமும் ஷிஃப்டுக்குப் போய் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன்.

நேற்று வாட்ச்மேன், "ஏனுங்க தம்பி, எத்தன நேரம் நிப்பீங்க?" என்று தன் நாற்காலியை எடுத்துப் போட்டார். உட்கார்ந்த பிறகுதான் கால்வலியே தெரிந்தது.

யாராவது வந்தால் பழைய குடையைக் கொடுத்தனுப்புங்கள். தங்கச்சி வளைகாப்புக்கு வர முடியாது. லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்,
காளிராஜ்