ஓட்டுப் போடாமலே போன டிரைவர் மச்சானுக்கு

ஸ்டியரிங்கை விட்டு இறங்கிய பிறகும் என் மனசை விட்டு இறங்காத கலியமூர்த்தி மச்சானுக்கு,

நான்தான், உன் தங்கையைக் கட்டியவன். பத்தாம் வகுப்புக் கணக்கை இரண்டாம் தடவை எழுதித் தேறியவன் கடிதமெல்லாம் எழுதுகிறான் என்று அங்கே யாரிடமும் சொல்லிச் சிரிக்காதே. சேதி அப்படி. நம் பிள்ளை வளர்மதி ஹைகோர்ட்டில் கேஸ் நடத்தினாள் மச்சான். யாருக்காக? நமக்காக. மனுதாரர் யார்? நான்!

தேர்தல் நாள் என்றால் நமக்கு எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியாதா? கடலூரிலிருந்து சிதம்பரம், சிதம்பரத்திலிருந்து கடலூர். முதல் நடை பூத் திறக்கும் முன்னால், கடைசி நடை பூத்தை மூடிய பிறகு. ஊரே ஓட்டுப் போட வந்து திரும்பும். டிக்கெட் கேட்டு நீளும் விரலிலெல்லாம் மை. கிழித்துக் கொடுக்கும் என் விரலில் எச்சில்தான். நீ உன் ஓட்டர் கார்டைச் சிம் கார்டு வாங்கத்தான் வெளியே எடுத்தாய். "எல்லாரையும் நாமதான் கொண்டுபோயி வுடுறோம், நம்மள யாருடா கொண்டுபோவா?" என்பாய். சிரிப்போம். அதற்குள் ஆலப்பாக்கம் வந்துவிடும்.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் இதைச் சொல்லித்தான் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். வளர்மதி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏம்ப்பா, மாமா ஒருதடவகூட ஓட்டுப் போட்டதில்லியா?"

"வண்டிய நடு ரோட்டுல நிறுத்திட்டாம்மா போவ முடியும்?"

"நீ?"

"நானும்தான். நான் இன்னா கலெக்டரா?"

பேசாமல் இருந்தால் அவள் ஏதோ கேஸ் கட்டுகிறாள் என்று அர்த்தம். இது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

உனக்கே தெரியும், அவள் சட்டம் முடித்தபோது நான் கண்ட கனவு விபத்து கேஸ். நம் ரோட்டில் அதற்கா பஞ்சம்? அவளோ மேல்பட்டாம்பாக்கத்தில் பட்டியலில் பெயர் விட்டுப்போன ஒரு அம்மாவுக்காக அலைந்தாள். அது முடிந்ததும், படியேற முடியாதவர்கள் ஓட்டுப் போடச் சாய்தளம் கேட்டுச் சிதம்பரத்தில் ஒரு கேஸ். உன் தங்கை ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டாள்: "ஓட்டு இல்லாதவுங்களயே தேடித்தேடிப் புடிக்கிறியே, ஓட்டு இருக்கிறவன் ஒருத்தனுக்குமா கேஸ் இல்ல?" அதற்கு இவள் சொன்ன பதில்: "அவுங்களுக்கு வேற வக்கீலு இருக்காங்கம்மா."

காரியம் முடிந்த அடுத்த வாரமே என் முன்னால் காகிதக் கட்டை வைத்தாள். தேர்தலன்று எல்லோருக்கும் சம்பளத்தோடு லீவு என்று சட்டம் இருக்கிறதாம். ஆனால் ஆள் வராவிட்டால் பெரிய நஷ்டம் வரும் என்கிற வேலைக்கு மட்டும் விலக்காம். தனியார் பஸ்ஸை அந்த விலக்கில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். தேர்தலுக்கு முன்னால் உத்தரவு வாங்கவில்லை என்றால் இன்னொரு தேர்தலும் படியிலேயே தொங்கிக்கொண்டு போய்விடும். பணி ஓய்வுக்குப் பக்கத்தில் நிற்கிற நான் கையெழுத்துப் போட வேண்டும். வேலை போனால்? உன் பெயரை நினைத்துக்கொண்டு போட்டேன். தமிழில் போட்டேன், அழகாகவே வந்தது.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அன்றே முதலாளி கூப்பிட்டார்.

"யோவ், எம் மேலயே கேஸாய்யா?"

"ஒங்க மேல இல்ல மொதலாளி. ஓட்டு மேல."

"இவ்ளோ நாளா நீ ஓட்டுப் போடாம நாடு இன்னா கெட்டா போச்சு?"

"எனக்கு அப்படித்தான் தோணுது மொதலாளி" என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்? அன்று முழுக்க என்னை வேலையை விட்டு இறக்க ஆபீசிலிருந்து எப்போது ஆள் வரும் என்று பார்த்துக்கொண்டே டிக்கெட் கிழித்தேன். யாரும் வரவில்லை.

விசாரணை நாள் வந்தது. சிதம்பரத்தில் மாடியில் இருக்கிற அவளுடைய ஒற்றை அறை ஆபீசில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் ஹைகோர்ட். கறுப்பு கவுனில் அவளைப் பார்த்ததும் எனக்கு நம் வீட்டுப் பிள்ளை மாதிரியே தெரியவில்லை. என்னைச் சுவரோரம் உட்கார வைத்து, "வாயத் தொறக்காத ப்பா" என்றாள். சரி என்றேன்.

நல்ல வேளை, நீதிபதி வாதத்தைத் தமிழிலேயே சொல்லச் சொன்னார். முதலாளி தரப்பு வக்கீல் பெரிய ஆள். பஸ் நின்றால் மக்கள் எப்படி ஓட்டுப் போட வருவார்கள், ஜனநாயகமே நின்றுவிடாதா என்று கேட்டார். எனக்கே நியாயமாகப் பட்டது மச்சான்! நம் வண்டி நின்றால் ஜனநாயகம் நின்றுவிடும் என்று ஒருவர் ஹைகோர்ட்டில் சொன்னால் பெருமையாக இருக்காதா?

வளர்மதி நிதானமாகச் சொன்னாள்: "வண்டி நிற்க வேண்டாம் மை லார்ட். ஆள் மாறினால் போதும். நடுவில் ஒரு மாற்று டிரைவர், ஒரு மாற்றுக் கண்டக்டர். எல்லோரையும் பூத்துக்குக் கொண்டுபோகிறவர்களும் ஒருமுறை பூத்துக்குப் போகட்டும்."

"ரைட்!"

நான்தான். பழக்க தோஷம், தொண்டை கிழியக் கத்திவிட்டேன். நீதிபதி நிமிர்ந்தார். "யார் அது?"

"மனுதாரர் மை லார்ட். கண்டக்டர்." கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். "என் அப்பா."

நீதிபதி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "விசில் கொண்டுவரலையே?" என்றார். நான் எழுந்து நின்று, "இல்லீங்கய்யா, டூட்டியில இல்ல" என்றேன். அந்தப் பெரிய வக்கீல்கூடச் சிரித்துவிட்டார்.

பிறகு உத்தரவு இங்கிலீஷில் ஓடியது. கடைசியில் ஒரே ஒரு வார்த்தைதான் எனக்குப் பிடிபட்டது: 'டிஸ்போஸ்டு'. டிஸ்போசல் கப் தெரியாதா எனக்கு? டீயைக் குடித்துவிட்டுக் கசக்கி எறிகிற சாமான். நம் கேஸையும் கசக்கி எறிந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிள்ளை முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் படியிறங்கி டீக்கடையில் போய் நின்றேன். கவுனோடு ஓடி வந்தாள்.

"எங்கப்பா போயிட்ட?"

"வுடும்மா. வெபத்து கேஸாவது நமக்கு மிஞ்சும்."

"என்னாப்பா ஒளர்ற? டிஸ்போஸ்டுன்னா கேஸு முடிஞ்சிதுன்னு அர்த்தம். நாம கேட்டத குடுத்துதான் முடிச்சிருக்காங்க! ஆளு மாத்தி வுடணும், சம்பளம் புடிக்கக் கூடாது, லேபர் ஆபீஸ் கண்காணிக்கணும். எல்லா வண்டிக்கும்ப்பா!"

டீ மாஸ்டர் முன்னால் அழுதேன். இஞ்சி ஜாஸ்தி என்று சமாளித்தேன்.

முதலாளியும் அன்று சாயங்காலம் போன் பண்ணினார். "ஜெயிச்சிட்ட, சரி. எத்தினி மணிக்கு எறங்குவ, சொல்லு. மாத்து ஆளு போடணும் இல்ல?" குரலில் கோபம் பாதிதான் இருந்தது.

தேர்தலன்று மத்தியானம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் பையை மாற்றுக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, என் வண்டியை நானே வெளியே நின்று பார்த்தேன். நான் இல்லாமலும் அது நன்றாகத்தான் போகிறது, கொஞ்சம் வருத்தம்தான். பூத்தில் மிஷின் முன்னால் நின்றபோது ஒன்று உறைத்தது. ஓட்டுக்காக இவ்வளவு சண்டை போட்டேனே தவிர, யாருக்குப் போடுவது என்று யோசிக்கவே இல்லை! அதிகாரி, "என்னாங்க, ஆச்சா?" என்று அதட்டினார். "வரிசயில நின்ன நேரத்த வுட இது கம்மிதாங்க" என்றேன். அழுத்தினேன். பீப் என்று நீளமாகக் கத்தியது. உடம்பெல்லாம் ஒரு துள்ளல் மச்சான், எப்படிச் சொல்வேன்? யாருக்கு என்று உன் தங்கைக்கே சொல்லவில்லை, உனக்கும் சொல்ல மாட்டேன்.

வளர்மதி இப்போது ஓட்டல் வேலைக்காரர்கள், பெட்ரோல் பங்க் ஆட்களுக்காகக் கட்டுக் கட்டாக எழுதுகிறாள். விபத்து கேஸ் என்ற பேச்சை நான் விட்டுவிட்டேன்.

உன் ஓட்டையும் சேர்த்துப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் கை பரபரத்தது. அது கள்ள ஓட்டு. உன் மருமகளே என்மேல் முதல் ஆளாகக் கேஸ் போடுவாள். அதனால் வேறு வாக்குத் தருகிறேன். உன் சீட்டில் இப்போது ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் பாஸ்கர் ஓட்டுகிறார். இந்தத் தடவை காலையிலேயே சிதம்பரத்தில் அவரை இறக்கி ஊருக்கு அனுப்பிவிட்டுத்தான் மத்தியானம் நான் போனேன். என் தோளில் பை இருக்கிற வரைக்கும் எந்தத் தேர்தலானாலும் இதுதான் முறை: அந்த சீட்டில் யார் உட்கார்ந்தாலும் முதலில் டிரைவர், அப்புறம்தான் கண்டக்டர்.

உன் தங்கை புருஷனும், உனக்குப் பின்னால் நின்றே பழகிய உன் கண்டக்டருமான,
ராஜாராமன்