மானாம்பதி கார்டு

நவம்பர் 11, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஏரி முக்கால்வாசி நிரம்பிவிட்டதாகக் கடைக்கு வந்தவர்கள் பேச்சு. கடையில் கூட்டமில்லை. ஜெராக்ஸ் நாலு, வருமானச் சான்று ஒன்று. சேர்ந்தாற்போல் பத்து வரி தட்டினால் வலது கட்டைவிரல் இன்னும் இழுக்கிறது. கட்டு பிரித்து ஐந்து வாரம்.

பிசியோ அம்மா சொன்னது: "சும்மா மடக்கி நீட்டுன்னா செய்ய மாட்ட. வீடியோ கேம் எதனா ஆடு. கட்டைவிரலுக்கு அதான் நல்லது." முப்பத்திரண்டு வயதில் கேம். வீட்டுக்காரர் பாபு சிரித்துவிட்டு வேலைக்குப் போனார். ஒரகடம் கம்பெனியில் இந்த வாரம் இரண்டாவது ஷிப்ட்.

சித்தி பையன் பெங்களூரிலிருந்து அவனுடைய பழைய கேம் பெட்டியை அனுப்பியிருக்கிறான். புத்தகம் போல மடிக்கிறது, இரண்டு திரை. பெட்டி மட்டும்தான், கேம் எதுவும் இல்லை. தனித்தனியாக வாங்காதே, பிளாஷ் கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்கிக்கொள் என்றான். பார்க்க கேம் கார்டு மாதிரியேதான் இருக்குமாம். உள்ளே செல்போன் மெமரி கார்டைச் செருகினால் அதிலேயே எத்தனை கேம் வேண்டுமானாலும்.

கடையில் சும்மா இருந்த நேரத்தில் படித்துப் பார்த்ததில் மூன்று வகை.

1) நீல நிறம், புதுசு. சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அதன் மென்பொருளுக்குள்ளேயே ஒரு தேதி. அது தாண்டினால் கார்டு திறக்காதாம். யார் இப்படிச் செய்வது?
2) வெளிநாட்டிலிருந்து வர வேண்டியது. நல்லது என்கிறார்கள். வர ஒரு மாதம். அதற்குள் விரலே சரியாகிவிடும்.
3) பழைய மாடல், இப்போது யாரும் செய்வதில்லை. தேதித் தொல்லை கிடையாது. ஆட்டத்தைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும், பழையதை அழிக்காமல் தேதி நேரத்தோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளும். தப்பு செய்தால் நேற்றைக்குத் திரும்பிப் போகலாம்.

மூன்றுதான் பிடித்தது. எங்கே கிடைக்கும் என்றுதான் தெரியவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

நம்ப முடியவில்லை. பழைய பொருள் விற்கும் ஆப்பில் மூன்றாம் வகை. இன்றுதான் போட்டிருக்கிறார்கள். ஊர்: மானாம்பதி! சென்னையிலேயே இல்லாதது நம் பக்கத்தில். செய்தி அனுப்பினேன். தினேஷ் என்று ஒருவர். நாளை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறாராம்.

மழை. துணி காயவில்லை. பருப்பு தீர்ந்தது.

நவம்பர் 13, புதன்

தினேஷ் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கலாம். பெயின்ட் கறை படிந்த சட்டை. கார்டை மாத்திரை டப்பாவுக்குள் வைத்துக் கொடுத்தார்.

"கேம் பெட்டி இல்லியா?"

"ஒடஞ்சி கீதுக்கா. ரேசன் கார்டு எடுக்கலாம்னு ட்ரங்க தொறந்தேன், ஸ்க்ரீன் வெடிச்சி கெடந்துச்சி. எலி உருட்டிச்சோ இன்னாவோ. இத மட்டும் வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

பேரம் பேசவில்லை. அவரும் எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார். ஏதோ ஒன்றைக் கைகழுவி விடுகிறவர் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு கேம். மாட்டுப் பண்ணை. உள்ளே ஏற்கனவே ஒருத்தர் ஆடி வைத்திருக்கிறார். பெயர் SATHISH. கொட்டகை வாசற்படியில் தொப்பி போட்ட ஒரு சின்ன உருவம் நம்மைப் பார்த்தபடி நிற்கிறது. திறந்ததுமே ஒரு அறிவிப்பு: மாடுகள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மூன்று நாள் சாப்பிடாவிட்டால் இறந்துவிடும்.

பாவமாக இருந்தது. தீனி வைத்தேன். மூன்று மாடு, ஒரு கன்று. KAALI, SEPPI, VELLA. கன்றின் பெயர் ANJALA. கட்டைவிரல் வலித்தது, ஆனால் நல்ல வலி.

நவம்பர் 14, வியாழன்

மெமரி கார்டைக் கடைக் கணினியில் போட்டு வேறு கேம் ஏற்றலாம் என்று திறந்தேன். நகல்கள் நூற்றுக்கணக்கில். மேலாகப் புரட்டியதில், ஒரு நாளைக்கு ஒன்று. எல்லாமே மாலை 4.40. சில நாள் 4.41. இந்த வருடம் தையிலிருந்து போன ஞாயிறு வரை ஒரு நாள் விடாமல். கடைசியாக நேற்று, நான் வைத்தது.

அதற்கு முன்னால் உள்ள நகல்கள் இப்படி இல்லை. கண்ட நேரம். காலை ஏழு, பகல் ஒன்று, ஒரே நாளில் ஐந்து முறை. சின்னப் பையன் ஆடுவது போல. தை மாதத்திலிருந்து மட்டும் மணியடித்த மாதிரி 4.40.

இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டவர் ஏன் விற்றார்? சதீஷுக்கு நகல் வேண்டுமா என்று கேட்டுவிட்டு அழிக்கலாம்.

நவம்பர் 15, வெள்ளி

தினேஷுக்கு போன். பெயின்ட் அடிக்கிற சாரம் மேல் நின்று பேசினார், காற்றுச் சத்தம்.

"சதீஷ் யாருங்க? அவர் ஆட்டம் அப்படியே இருக்கு. அழிச்சிடவா?"

போன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"என் தம்பிக்கா. போன தையில தவறிட்டான். செங்கல்பட்டு ரோட்ல, வண்டில. அழிச்சிடுங்க."

"தையிலயா?"

"பொங்கலுக்கு மறு வாரம். அவன் போனப்புறம் அந்த பெட்டிய யாரும் தொடலக்கா. ட்ரங்குல வச்சி பூட்டிட்டோம்."

எதிரில் திரையில் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே. 4.40. 4.40. 4.40.

பாபுவிடம் சொன்னேன். "பேட்டரி எறங்கி டேட்டு எதனா மாறி இருக்கும். அதுக்குப் போயி பேஜார் ஆகாத." சரிதான் என்று தோன்றியது. ஆனால் தேதி மாறலாம், மாடு எப்படி உயிரோடு இருக்கும்? பத்து மாதம் தீனி வைத்தது யார்?

அழிக்கவில்லை. இன்றும் தீனி வைத்தேன். அந்த உருவத்தின் முகத்தைப் பார்க்காமல் வைத்தேன்.

நவம்பர் 16, சனி

கடைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். உண்மையில் அந்தப் பட்டியலைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பெட்டியை பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். பிறகு மாடு நினைவு வந்து எடுத்தேன்.

மறுபடி தினேஷுக்கு போன். விவரம் சொன்னேன். "நாளைக்கு வாங்கக்கா. அம்மா எதிர்ல சொல்லுங்க. எனக்கு கேக்க பயமா கீது."

நவம்பர் 17, ஞாயிறு

கார்டில் உள்ளது எல்லாவற்றையும் கடைக் கணினியில் நகலெடுத்துவிட்டு மானாம்பதி பஸ் ஏறினேன். மழை விட்டு வெயில். வழியெல்லாம் நாற்று.

ஊர் முடிந்து கொஞ்சம் தள்ளி அவர்கள் தெரு. ஓடு போட்ட ஒற்றை அறை வீடு. சுவரில் சதீஷ் போட்டோ. இருபது வயது, தொப்பி. தினேஷின் அம்மா நடவிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், காலில் சேறு காயவில்லை. நான் பையிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்ததும் மாட்டுச் சத்தம் வந்தது. அந்த அம்மா குடத்தை அப்படியே கீழே வைத்தார்.

"உயிரோட கீதா?"

தினேஷ் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"நாந்தாண்டா வச்சேன்" என்றார் அம்மா, மகனைப் பார்க்காமல். "வேல வுட்டு வந்து கால் கய்வுனதும் எடுப்பேன். நீ வர்றதுக்குள்ள உள்ள வச்சிடுவேன். எனுக்கு எய்த படிக்க தெரியாது. அவன் அமுக்கறப்போ பக்கத்துல குந்திக்கினு பாத்துக்கினு இருப்பேன் இல்ல, அத்தயே அமுக்கறது. மேல ரெண்டு, பக்கத்துல ஒன்னு, அப்புறம் செவப்பு. தீனி வுழும். அவன் மாடு, பட்டினி போட முடியுமா?"

போன திங்கள்கிழமை கை தவறி விழுந்து உடைந்ததாம். மகன் திட்டுவான் என்று ட்ரங்கில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, செத்திருக்கும் செத்திருக்கும் என்று.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" தினேஷ் வெளியே போய் நின்றுகொண்டார். முதுகு குலுங்கியது.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பேயும் இல்லை, ஒன்றும் இல்லை. பெற்றவள். பெட்டியையும் கார்டையும் அங்கேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, என் எதிரிலேயே தீனி வைத்தார். மேல் இரண்டு, பக்கத்தில் ஒன்று, சிவப்பு. விரல் பட்டனை அழுத்தும்போது உதடும் சேர்ந்து அசைந்தது.

கிளம்பும்போது, பேச்சோடு பேச்சாக: "ஆடியில வவுத்துல ஆப்புரேசன் ஆயி பத்து நாளு ஆஸ்பத்திரில கெடந்தேன். தெனேசு என்கூடவே இருந்தான். வூடு பூட்டி. அப்பவே பூட்சின்னு நெனச்சேன். வந்து பாத்தா எல்லாம் நல்லா கீது. கன்னுக்குட்டி வேற. நாலாவது அதுதான்."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மூன்று நாள் என்றல்லவா அறிவிப்பில் இருந்தது.

நவம்பர் 18, திங்கள்

தினேஷிடம் ஆஸ்பத்திரிச் சீட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

சேர்த்த நாள் ஜூலை 24. அனுப்பிய நாள் ஆகஸ்ட் 2.

பட்டியலில் பார்த்தேன். ஜூலை 24 உண்டு. 25 உண்டு. 26, 27, 28. விடாமல் ஆகஸ்ட் 2 வரை. ஆனால் 4.40 இல்லை. காலை ஏழே கால். பகல் ஒன்று. ஒரே நாளில் ஐந்து முறை.

ஒவ்வொன்றாகத் திறந்தேன். கடைக் கணினியிலேயே அந்த கேமை ஓட்டிப் பார்க்க ஒரு வழி உண்டு. 27ஆம் தேதி நகலில் மூன்று மாடுதான். 28இல் கன்று. கன்று பிறந்தால் கேம் பெயர் கேட்கிறது. எழுத்து எழுத்தாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறுமனே விட்டால் விடாது, முயன்று பார்த்தேன். யாரோ ஆறு எழுத்து தேடித் தேடி அழுத்தியிருக்கிறார்கள்.

பிறகு அந்தச் சீட்டை மறுபடி பார்த்தேன், தேதிக்காக இல்லை. நோயாளி பெயர்: அஞ்சலை.

முதலாளி வந்து, "இன்னாமா, மூஞ்சி வெளுத்து கீது?" என்றார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். குளிர்.

நவம்பர் 19, செவ்வாய்

தினேஷிடம் கேட்டேன். வீட்டுச் சாவி வேறு யாரிடமாவது இருந்ததா? இல்லை. ட்ரங்க் சாவி? அம்மா இடுப்பில், ஆஸ்பத்திரியிலும். தம்பி அம்மாவை எப்படிக் கூப்பிடுவான்?

"பேர் சொல்லித்தாங்கா. அஞ்சல, சோறு போடு. அஞ்சல, காசு குடு. அடி வாங்குவான், அப்பவும் அப்படித்தான் கூப்புடுவான். ஏன்கா?"

சொன்னேன்.

"சாரத்துலேர்ந்து எறங்கிட்டு பேசறேங்கா" என்றார். திரும்பக் கூப்பிடவில்லை.

நவம்பர் 21, வியாழன்

மறுபடி மானாம்பதி. சொல்லாமல் இருப்பது தப்பு என்று இரண்டு நாளாக மனதுக்குள் ஒரே குடைச்சல். சொல்வது தப்போ என்றும்.

வானம் மூடியிருந்தது. பகலிலேயே விளக்கு போட்டிருந்தார்கள். அம்மா பெட்டியைத் துடைத்து, ஒரு ஜாக்கெட் துணியில் சுற்றி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். கன்றைக் காட்டினேன்.

"இதுக்கு ஒரு பேர் வச்சிருக்கும்மா. உனக்குப் படிக்கத் தெரியாதே, அதான் சொல்ல வந்தேன்."

"இன்னா பேரு?"

"அஞ்சல."

முந்தானை வாய்க்குப் போயிற்று. அழவில்லை. என்னையும் பார்க்கவில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை. அறையின் மூலையில், பாய் சுருட்டி வைத்திருந்த இடத்தைப் பார்த்தார். என்னால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். நாலு நாள் யாரும் தீனி வைக்க வேண்டாம். பெட்டியை ட்ரங்கில் வைத்துப் பூட்டுவோம். பிறகு நான் வந்து, கடையில் எடுத்து வைத்திருக்கும் நகலோடு பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். தெரிந்துவிடும்.

"வேணாம்மா."

"உண்மை தெரியணும் இல்ல?"

"பாத்தா, இல்லன்னும் வரும் இல்ல?" என்றார். "நான் பாட்டுக்கு தெனம் வெக்கறேன். அவனும் வந்து வச்சான்னா வெக்கட்டும். ரெண்டு வாட்டி தின்னா மாடு செத்தா பூடும்?"

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். சொரசொரப்பான கை. "உங்கிட்ட கீற நகல அழிச்சிடு. எண்ணிக்கினு இருக்காத அவன."

சரி என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். கருவாட்டுக் குழம்பு. தினேஷும் வேலை விட்டு வந்துவிட்டார், மூன்று பேர்தான் இருந்தோம். தட்டு எத்தனை வைத்தார் என்று நான் எண்ணவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

பலத்த மழை. கடை வாசலில் முழங்கால் தண்ணீர்.

நகல்களை அழித்துவிட்டேன். நிச்சயமா என்று கணினி கேட்டது. ஆம் என்று கொடுத்தேன்.

பாபு கேட்டார், வேறு கார்டு வாங்கவில்லையா என்று. பந்து வாங்கித் தரச் சொன்னேன், அமுக்குகிற பந்து. பேப்பர் தீர்ந்தது, இரண்டு பண்டல் சொல்ல வேண்டும்.

சாயந்தரம் தினேஷ் போன். அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாராம். தூங்குகிறாராம். அதைச் சொல்ல மட்டும் அவர் போன் செய்யவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

"இனிமே வேல வுட்டு வந்தா கதவ தட்டிட்டு உள்ள வாடான்றாங்கக்கா. பூட்டிக் கெடந்தாலும் தட்டணுமாம். திடீர்னு தொறந்தா அவன் பயந்துக்குவானாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னிக்கி வந்தேன். அம்மா இன்னும் கயினிலேர்ந்து வரல. வூடு பூட்டி இருந்துச்சி. தட்டனேங்கா."

"அப்புறம்?"

"தட்டிட்டு நின்னுக்கினே இருந்தேன்."

எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை.