கூடாரத்துக்குள் நிலா

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஈசூன் பாலர் பள்ளியில் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு இன்றும் நான் ஒருத்திதான். இன்னோர் ஆசிரியர் வேண்டுமென்று கேட்டதற்கு, அழும் பிள்ளைகள் அடங்க ஒரு நீலக் கூடாரம் வாங்கிக் கொடுத்தார்கள்.

காலையில், கைவிட்டு அளைந்து விளையாடும் வண்ண அரிசித் தட்டை ரயன் கவிழ்த்தான். நான் வாயே திறக்கவில்லை. மூன்று வயது நிலா எழுந்துபோய்க் கூடாரத்துக்குள் உட்கார்ந்து திரையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"பாத்தியா, தானா பழகிடுச்சு லா," என்றார் மேற்பார்வையாளர் சாந்தி அக்கா.

திரையை விலக்கினேன். முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ கொட்டலையே நிலா, ஏன் வந்த?"

"டீச்சர் மூஞ்சி மாறுச்சு."

திரும்பினேன். மற்ற பதினேழு பேரும் சத்தமில்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்துக் காட்டினேன். ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை.