ஆறு விரலும் முகமும்

தங்கச்சி,

இன்று முதியோர் பென்ஷன் எடுக்க பேங்குக்குப் போயிருந்தேன். கட்டைவிரலில் மையைத் தடவிக்கொண்டு நிற்கிறேன், உள்ளேயிருந்து ஒரு பேரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். என் பின்னாலிருந்து ஒருவர் தடியை ஊன்றி எழுந்து போனார். உன் புருஷன். என்னைப் பார்க்கவில்லை. அந்த மை வாசனையோடு அந்தப் பேரும் சேர்ந்து வந்ததும், நீ என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். வீட்டுக்கு வந்தும் போகவில்லை. அதனால்தான் உன் மகளை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொல்கிறேன்.

அவர் இன்னொருத்தியைக் கூட்டிவந்து, கைப்பிள்ளையோடு உன்னை வெளியே அனுப்பியபோது குறுவை நடவு. சேறு காயாத காலோடு டவுனுக்கு வக்கீல் தேடிப் போனோம். முதல் வக்கீல் வீட்டு வாசலில் உன் மாமனார் வண்டியிலிருந்து நெல் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. பார்த்ததுமே நீ திரும்பி நடந்தாய். அடுத்தவர் நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் கேட்ட ஃபீஸுக்கு நம் உழவு மாட்டை விற்றாலும் காணாது. தஞ்சாவூர் வக்கீலைப் பார்க்கலாமா என்றேன்.

"வாய்தாவுக்கு வாய்தா பஸ்ஸுக்கே கூலியெல்லாம் போயிரும்ணே. இங்கயே யாராச்சும் பாரு."

கோர்ட்டு வாசல் டீக்கடைக்காரர்தான் வழி காட்டினார். "உள்ள சட்ட உதவி ஆபீஸ் இருக்கு. பொம்பளைங்களுக்குக் காசில்லாம வக்கீல் வச்சுக் குடுப்பாங்க."

"சும்மா வர்ற வக்கீல் நமக்காகப் பேசுவாராண்ணே?" என்று என் காதில் கேட்டாய்.

"பேசலைன்னா நீ பேசு. வீட்ல என்கிட்ட பேசுற வாய்தானே."

அங்கே ஒரு வக்கீலம்மா இருந்தார். சின்ன வயசு. "உங்க வீட்டுக்காரர் பேரு என்னக்கா?" நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் வாயைத் திறந்தேன். "அவங்க சொல்லட்டும்" என்று என்னை அடக்கிவிட்டார். நீ ஆறு விரலைக் காட்டினாய். பிறகு முகத்தைத் தொட்டாய்.

"ஆறுமுகமா!" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏங்க்கா, அவர் மேல கேஸ் போட வந்துட்டு பேரைச் சொல்ல மாட்டீங்களா?"

"சொன்னா அவங்களுக்கு ஆயுசு குறையும்மா."

சிரிப்பு நின்றது. "கோயில்ல கட்டின தாலி, பதிவு இல்ல. நீங்க பொண்டாட்டியே இல்லைன்னு அவர் சாதிப்பார். கூண்டுல ஏறி, யார் தாலி கட்டினாங்கன்னு உங்க வாயால சொல்லணும். சைகையை அங்க யாரும் எழுதிக்க மாட்டாங்க." அப்புறம் வக்காலத்தில் உன் விரலைப் பிடித்துக் கைநாட்டு வைத்தார். அடுத்த தடவை நீ முந்தானையில் முடிந்து கொண்டுபோன உளுந்தைக்கூட வாங்கவில்லை.

சாட்சி சொன்ன அன்று கோர்ட்டு டவாலிச் சேவகர் உன் பேரைக் கூப்பிட்டார். கூண்டில் ஏறினாய். தாலி கட்டினது யார் என்று கேட்டார்கள். உன் இரண்டு கையும் தானாக மேலே வந்தன. என் தோளில் கிடந்த பிள்ளை அம்மா என்று சிணுங்கியது. கையை இறக்கினாய். கோர்ட்டு முழுக்கக் கேட்கும்படி அந்தப் பேரைச் சொன்னாய். சொல்லிவிட்டுத் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய்.

ஜீவனாம்சம் தீர்ப்பானது. உன் மகள் படித்ததும் அதில்தான். ஆனால் உனக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் தெருப் பக்கம் சாவுக்கொட்டு கேட்டால், "அண்ணே, யாருன்னு பாத்துட்டு வாயேன்" என்பாய். அவர் இல்லை என்று நான் வந்து சொன்னால்தான் உனக்குச் சோறு இறங்கும். அடுத்த அறுப்புக்குள் மஞ்சள்காமாலை வந்து நீ போய்விட்டாய். கொட்டு நம் வாசலில் கேட்டது. ஆயுசு குறையும் என்றாயே, யார் ஆயுசு?

இன்று வீட்டுக்குள் நுழைந்ததும் உன் மகள் கேட்டாள்: "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு மாமா? பேங்குல யாரைப் பாத்தீங்க?"

அவரைப் பேர் சொல்லி ஏசியே பழகின வாய் இது. இன்று திறந்தது, பேர் வரவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆறு விரலைக் காட்டினேன். முகத்தைத் தொட்டேன்.

உன் கதை கேட்டு வளர்ந்தவளுக்கு அது போதும். என் கன்னத்தில் ஒட்டியிருந்த மையை முந்தானையால் துடைத்துவிட்டாள்.