ஆட்டாத குடுவைகள்

அன்புள்ள இப்புகிக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே இருக்கிற நிலைக்கு இருவரும் நன்றாகவே இருக்கிறோம், வான்கூவரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு இப்போது சாப்பிடக் குச்சி பிடிக்க வருவதில்லை, கரண்டிதான். மிசோ சூப் தண்ணீராக இருந்தால் புரையேறுகிறது, கெட்டியாக்கிக் கொடுக்கிறேன். நீ அனுப்பிய மாத்திரைகள் வந்தன. அவற்றை அவருக்குக் கொடுக்கப் போவதில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நரம்புகளைச் சுற்றி மிஞ்சும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை மூளையின் துணைச் செல்கள்தான் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அழற்சி வந்தால் அப்படி இழுக்கும் வாயில்கள் குறையும், மிஞ்சியது நரம்பையே கொல்லும், அப்பாவின் தசைகளை இயக்கும் நரம்புகள் அழிவதும் இப்படித்தான் என்று நினைக்கிறோம். எங்கள் ஆய்வகத்தில் அழற்சியைத் தணிக்கும் இந்த மருந்தைச் சேர்த்ததும் வாயில்கள் திரும்ப வந்தன என்று நான் எழுதியதை நம்பித்தானே வாங்கினாய். அந்த முடிவு நிற்கவில்லை. எலிக்குட்டிகளின் மூளைச் செல்களை வளர்த்த குடுவைகளை இரவு முழுக்க இயந்திரத்தில் ஆட்டினால்தான் துணைச் செல்களோடு ஒட்டிய, அழற்சியைத் தூண்டும் காவல் செல்கள் உதிரும். வருடாந்திர மின்பரிசோதனைக்கு மின்சாரத்தை நிறுத்திய இரவில் எல்லோருக்கும் உறைபெட்டிக் கவலை, ஆட்டும் இயந்திரத்தை யாரும் நினைக்கவில்லை. விடியும்போது மின்சாரம் வந்து அது தானாக ஓடியிருக்கிறது, ஓடுவதைப் பார்த்த என் மாணவர் ஹிராகா இரவெல்லாம் ஓடியதாக எடுத்துக்கொண்டார். வாயில்கள் திரும்பியது அந்த ஆட்டாத குடுவைகளில்தான், ஒழுங்காக ஆட்டிய குடுவைகளில் மருந்து ஒன்றுமே செய்யவில்லை. ஹிராகா குனிந்த தலை நிமிராமல், “தப்பு என்னோடதுதான் சென்செய்” என்றார். காரணம் தெரிந்ததே போதும், போய்ச் சாப்பிடுங்கள் என்று அனுப்பினேன்.

காவல் செல்களை மருந்து அடக்குகிறது, அவை அப்பா மூளையிலும் இருக்கின்றனவே, அப்படியானால் நல்லதுதானே என்பாய். நானும் ஒருநாள் முழுக்க எனக்குள் அப்படி வாதாடிப் பார்த்தேன். அது என் ஆசை, சோதனை அதைச் சொல்லவில்லை. அவருக்கு வயிற்றுப்புண் வேறு, இந்த மாத்திரை ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

அவரிடமும் சொன்னேன். “எலிக்குட்டியோட செல்லுக்குச் சரியானா எனக்கும் சரியாகணும்னு சட்டமா?” என்று சிரித்தார். நீ ஓபோன் பண்டிகைக்கு வருவதாகச் சொன்னதற்கு, “அன்னிக்கு செத்தவங்களே வீட்டுக்கு வந்துருவாங்க, அதுக்கு முன்னாடியே வர அவளுக்குத் தெரியாதா?” என்கிறார். ஒவ்வொரு சொல்லாக, மூச்சு வாங்கி, இவ்வளவையும் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது.

உடம்பைப் பார்த்துக்கொள், இரவுப் பணியைக் குறைத்துக்கொள், எங்கள் ஆசி உனக்கு என்றும் உண்டு. இனி மருந்து எதுவும் அனுப்பாதே. பேச்சு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, உன் பெயரின் கடைசி எழுத்து மட்டும் அவருக்கு வருவதில்லை. கிளம்பி வா.

அம்மா