எல்லோரும் மெச்சிய எடை

எதிர் வீட்டு மருமகளுக்கு நிறைமாதம்; இன்று கட்டுச்சோறு. நெய்யில் வறுத்த முந்திரியின் வாசனை ஆனையூரில் எங்கள் தெரு முழுக்க நிற்கிறது. மற்றவர்களுக்குப் பசியெடுக்கும். நான் தட்டைத் தள்ளிவைக்கிறேன். நீ இருந்திருந்தால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தியிருப்பாய்.

தொண்ணூறுகளின் கடைசியில் நீ முழுகாமல் இருந்தபோது, உன் சொந்தம் முறைவைத்துக் கோரிப்பாளையத்து வீட்டுக்குத் தூக்குச்சட்டிகளோடு வந்தது. கல்யாணத்துக்கு முன்பே உனக்குக் கனத்த உடம்பு. கர்ப்பிணியின் எடை ஏற ஏறக் குடும்பத்தின் கௌரவமும் ஏறும் என்பது நம் உறவினரின் பொருளாதாரக் கொள்கை. டாக்டரம்மா அதை ஏற்கவில்லை.

"ஏற்கெனவே எடை அதிகம். இப்ப சர்க்கரையும் ஏறுது. பிள்ளை அளவுக்கு மீறி வளரும். பொறந்ததும் அதுக்குச் சர்க்கரை சடார்னு இறங்கிரலாம்."

உன் சின்னம்மா வீட்டுக்கு வந்து தீர்ப்பை மாற்றி எழுதினார். "அந்தம்மாவே ஒட்டடைக் கம்பு மாதிரி இருக்காக. அவுக பேச்சக் கேட்டா எலிக்குஞ்சுதேன் பொறக்கும். ரெண்டு உசுருக்கு இம்புட்டாச்சும் திங்க வேணாமா?"

"எல்லாரும் புள்ளைக்குன்னுதேன் கொண்டாராக. அது இன்னும் ஒண்ணும் கேக்கலையே சின்னம்மா" என்று சிரித்தாய். ஆனாலும் அவர் மனம் நோகக் கூடாதென்று ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டாய். வந்தவர் எல்லோருக்கும் மனம் இருந்தது, ஆளுக்கொரு கரண்டி.

எட்டாம் மாதம் வீங்கிய உன் காலை விரலால் அழுத்திக் காட்டினாய். "குழி மூட மாட்டேங்குதுங்க. பயமா இருக்கு. யார்ட்டயும் சொல்லாதீக." குழி மேலேறும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அறுவை செய்துதான் எடுத்தார்கள். நர்ஸ் சொன்ன எடையைக் கேட்டு வராந்தாவில் கைதட்டாத குறை. "ராசா கணக்கா இருக்கான் மாப்ள!" என்று உன் மாமா என் முதுகில் தட்டினார். ராசாவின் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிர் என்றார் சின்னம்மா. நர்ஸ் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள், அளவைப் பார்த்தாள், அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் மெதுவாக நடந்தால் நமக்கு எரிச்சல் வரும். ஓடினால், மெதுவாகவே நடக்கக் கூடாதா என்றிருக்கும்.

கண்ணாடிக்கு அப்பால், அங்கிருந்த எல்லாக் குழந்தைகளையும்விடப் பெரியவனாக, குளுக்கோஸ் ஊசியோடு சத்தமில்லாமல் கிடந்தான்.

மயக்கம் தெளிந்து, "அழுதானா?" என்று கேட்டாய். நான் எடையைச் சொன்னேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

மறுநாள் மாலை கண்ணாடியையும் மீறி ஒரு வீறிடல் கேட்டது. தையலைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்து, "அவந்தேன்" என்றாய்.

நீ போய்ச் சேர்ந்து ஓராண்டாகிறது. அவன் நன்றாக இருக்கிறான். இன்றும் யார் வீட்டுக் குழந்தையையாவது "கொழுகொழுன்னு இருக்கான்" என்று கொஞ்சினால் நானும் ஒப்புக்குச் சிரிக்கிறேன். கண் மட்டும் அதன் விரல்களை விட்டு நகர மாட்டேன் என்கிறது.