என் மரத்துத் தேங்காய்

பங்குனி, வியாழன் இரவு.

காலையில் கத்தரிக்கும் மல்லிகைக்கும் தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து டீ குடித்தேன். இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது.

கிரிவலம் வருபவர்களுக்காகப் பக்கத்து மனையில் லாட்ஜ் கட்டப்போகும் குமார் வேலியோரம் வந்து நின்றான்.

"அக்கா, நீரோட்டம் பாக்குறவரு வந்துருக்காரு. குடுமியோட ஒரு தேங்கா குடுங்க."

என் மரத்துக் காயிலேயே நல்லதாகப் பார்த்து, குடுமி விட்டு உரித்துக் கொடுத்தேன்.

வந்தவர் அதை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு மனை முழுக்க நடந்தார். எங்கேயும் அசையவில்லை. என் வேலிக்குப் பக்கத்தில் வந்ததும் விருட்டென்று எழுந்து நின்றது. வேலிக்கு இந்தப் பக்கம் என் கிணறு.

"இங்க போர் போட்டா எங்க கெணறு வத்திடாதா குமாரு?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுக்கா" என்றான், தேங்காயைப் பார்த்துக்கொண்டே.

சாயங்காலமே போர் லாரி வந்துவிட்டது. விடிந்ததும் ஆரம்பிக்கிறார்களாம். ஒன்றும் ஆகாது என்று இவரும் சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

விளக்கு வைக்கும்போது கிணற்றில் ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தேன். தண்ணீரில் விழும் சத்தம் நன்றாகக் கேட்டது. அந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.